இடப்பக்கக் குரல்

“இரண்டு மீட்டர் கம்பி உள்ள போகுமா போகாதா? அதச் சொல்லுங்க முதல்ல.”

“மேடம், பின் சீட்ட மடக்கினா கட்டிலே போட்டுப் படுக்கலாம்.”

“நான் கட்டில் கேக்கல சார். கம்பி கேட்டேன்.”

கார் விற்பவர் சிரித்தார். அவர் கழுத்திலிருந்த டை ஒரு பக்கமாக நழுவிக் கிடந்தது. அதைச் சரிசெய்யும் நேரத்துக்குள் அவள் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, அந்தச் சின்ன வேகனின் டிக்கிக்குள் முழங்கால் போட்டு ஏறிவிட்டாள். திரைச்சீலை தைத்துக் கொடுத்து, வீடுகளுக்குப் போய் மாட்டிவிட்டும் வருவது அவள் தொழில். அதற்குக் கம்பி, துணிக்கட்டு, மடக்கு ஏணி எல்லாம் கூடவே போக வேண்டும்.

“நேரா வச்சா கை நீளம் குறையுதே.”

“குறுக்கா வை. முன் சீட்டு இடுக்கு வரைக்கும் போகும்” என்றார் அவள் கணவர்.

குறுக்காகப் பிடித்துப் பார்த்தாள். போயிற்று. ஒத்துக்கொள்ள மனமில்லாமல் டிக்கியின் வாய் எவ்வளவு உயரம் என்று அளந்தாள். தாழ்வாகத்தான் இருந்தது, துணிக்கட்டை இடுப்பு நோகாமல் தள்ளிவிடலாம். பின் கதவுக் கண்ணாடிகளுக்கு மட்டும் கையால் சுற்றுகிற பிடி.

“இந்தக் காலத்துல சுத்தற கண்ணாடியா?”

“பேசிக் மாடல் மேடம். விலையப் பாருங்க, அப்புறம் கண்ணாடியப் பாருங்க.”

கணவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் கிரேன்காரர்தான். எந்த வண்டியில் ஏறுவதற்கு முன்பும் இப்படி ஒரு சுற்று வருவது வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். பின்பக்கம் திரும்பும்போது, திறந்திருந்த இடது கதவின் முனையில் தோளை இடித்துக்கொண்டார். தேய்த்துக்கொள்ளக்கூட இல்லை. யாரும் பார்க்கவில்லையே என்று மட்டும் பார்த்தார்.

அவள் பார்த்துவிட்டாள். பார்க்காததுபோல் நாடாவைச் சுருட்டினாள்.

இன்றைக்கு வண்டி ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் அவள் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தாள்.

பழைய காரை இரும்புக்கடைக்குத் தள்ளிவிட்ட அன்று தொடங்கிய யோசனை அது. வண்டி வாசலைத் தாண்டுமுன் கடைசியாக ஒரு தடவை தடவிப் பார்த்தாள். வலப்பக்கம் வழவழவென்று இருந்தது. இடப்பக்கம் கதவு நெடுக ஒரு கீறல், பின் சக்கரத்துக்கு மேல் ஒரு பள்ளம், டேப் ஒட்டிய பக்கக் கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு தூணைக் காரணம் சொல்லியிருந்தார். ஊரில் உள்ள தூணெல்லாம் கூடிப் பேசி இவருடைய இடப்பக்கத்தை மட்டுமா குறி வைத்தன? இஸ்திரி போட்டுக்கொண்டே கணக்குப் பார்த்தாள். எல்லாமே அவள் பக்கத்து சீட்டில் இல்லாத நாட்களில் வந்த அடிகள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் வாய் ஓயாது. “இடது சைக்கிள். இடது காலி. இடது ஒரு அம்மா இறங்கறாங்க.” எப்போது பிடித்த பழக்கம் என்று அவளுக்கே நினைவில்லை. “அக்கா வாய்க்குத் தனியா ரோடு டாக்ஸ் கட்டணும்” என்று அவள் தம்பி கேலி செய்வான். முன்பெல்லாம் கிரேன்காரரும், “வண்டிய நான் ஓட்டறேனா, நீ ஓட்டறியா?” என்று எரிந்து விழுவார். இப்போது சில காலமாக அந்த எரிச்சலே இல்லை. அதுதான் அவளை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

நேராகவே கேட்டும் பார்த்தாள். “கண்ணு ஏதாவது பண்ணுதா?”

அவர் அவள் கையிலிருந்த ஊசியை வாங்கி, ஒரே குத்தில் நூலைக் கோர்த்து, “இந்தா” என்று நீட்டினார். ஊசி கோர்க்கிற கண்ணை என்னவென்று சொல்வது?

அவள் தம்பிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் விடிகாலை வேலை. மனைவி வேலைக்காக வெளிநாடு போயிருக்கிறாள். இரட்டைப் பிள்ளைகள், ஒன்று வாலு, இன்னொன்று அதற்கு வாத்தியார். பள்ளிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு மாறிப் போய்விட, “மச்சான் இருக்கும்போது எனக்கென்ன கவலை?” என்று அவன் பொறுப்பை இங்கே இறக்கி வைத்துவிட்டான். திங்கட்கிழமை முதல் அந்த இரண்டும் இவர் ஓட்டும் காரின் பின் சீட்டில் உட்காரப் போகின்றன.

பொய்யாகச் சந்தேகப்பட்டு அவர் கையிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கினால் மனுஷன் உடைந்து போவார். சந்தேகம் மெய்யாக இருந்து பேசாமல் விட்டால்? அதற்கு மேல் அவள் நினைப்பதில்லை. சோதித்துப் பார்க்க ஒரே வழிதான் தெரிந்தது: அவள் வாயை மூடிக்கொண்டால் அவர் எப்படி ஓட்டுகிறார் என்று பார்ப்பது. ஆபத்து என்றால் கத்தலாம். கத்துகிற தூரத்தில்தானே உட்கார்ந்திருப்பாள்.

“ஓட்டிப் பாத்துடலாமா சார்?” விற்பவர் சாவியை ஆட்டினார்.

“நீ முன்னாடி ஏறு” என்றார் கிரேன்காரர் அவளிடம்.

“சார் முன்னாடி உக்காரட்டும். அவர்தானே வண்டியப் பத்திச் சொல்லணும். நான் பின்னாடி கால் நீட்ட இடமிருக்கான்னு பாக்கறேன்.”

“கால் அப்புறம் நீட்டிக்கலாம். முன்னாடி வா.”

“பிள்ளைங்க உக்காரப் போற இடம். நான் பாக்க வேண்டாமா?”

அவர் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்து, விற்பவர் பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அவள் பின்னால் இடது ஜன்னலோரம் ஏறினாள். முன்னால் இடது சீட்டில் விற்பவர். கண்ணாடியில் கணவரின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவையும் அவளைத்தான் தேடின.

வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டி வலப்பக்கம் திரும்பியது. ஓடுகள் விற்கும் கடை, கிடங்குகள், பூட்டிய ஷட்டர்கள். சனிக்கிழமைக் காலை, போக்குவரத்து குறைவு.

“கிளட்ச் எப்படி சார்? வெண்ணெய் மாதிரி இல்ல?”

“ம்.”

“இந்த சைசுல இவ்வளவு அமைதியான இன்ஜின் கிடையாது. மேடம், பின்னாடி குலுங்குதா?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“என்ன, சத்தத்தையே காணோம்?” என்றார் கணவர்.

“வண்டியப் பாக்கறேன்.”

“பாத்துக்கிட்டே பேசு.”

பேசவில்லை. கார் சாலையின் நடுக்கோட்டை ஒட்டியே போனது, இடப்பக்கத்தில் ஏதோ சுவர் இருப்பதுபோல. எதிரே வந்த லாரி விளக்கை மினுக்கியது. அவர் கொஞ்சம் இடப்புறம் ஒதுங்கினார். அங்கே ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது.

அவள் நாக்கு நுனியில் ‘இடது சைக்கிள்’ வந்து நின்றது. பல்லைக் கடித்தாள். சைக்கிள்காரரின் முழங்கை ஜன்னலை நெருங்கியது. அவர் சட்டையில் வியர்வை படர்ந்திருந்த விதம்கூடத் தெரிந்தது. விற்பவர் பேச்சை நிறுத்தி, கதவுப் பிடியைப் பற்றினார். லாரி தாண்டிப் போனதும் கார் மறுபடி நடுக்கோட்டுக்கு வந்தது. பின்னாலிருந்து சைக்கிள் மணி கோபமாக அடித்தது.

“சார், கொஞ்சம்... இந்தப் பக்கம் ரொம்ப ஒட்டிப் போயிட்டீங்க” என்று விற்பவர் சிரிக்க முயன்றார்.

“புது வண்டி. அகலம் பிடிபடல.”

“ஆமா ஆமா. எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான்.”

கண்ணாடியில் அந்தக் கண்கள் மறுபடி அவளைத் தேடின. “ஏம்மா, உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்புறம் ஏன் வாயில கொழுக்கட்ட?”

“ஏன், நான் பேசினாத்தான் வண்டி ஓடுமா?”

அவர் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். நடந்து போகிறவர்கள்கூட முந்திக்கொண்டு போகலாம் போல இருந்தது. அவள் மடியிலிருந்த கைப்பையின் வாரைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். அவருக்கு இடப்பக்கம் தெரியவில்லை என்று பாதிக் கேள்வி தீர்ந்தது, இன்னும் பாதி மிச்சம். அந்தப் பாதிதான் அவளுக்கு வேண்டியிருந்தது. தெரியாமல் ஓட்டுகிறாரா, தெரிந்தே ஓட்டுகிறாரா?

“அந்தப் பெயிண்ட் கடை முக்குல இடது எடுத்தா, சுத்தி ஷோரூமுக்கே வந்துடலாம் சார்.”

இடது விளக்கு டிக் டிக் என்று துடிக்க ஆரம்பித்தது. கார் முக்கை நெருங்கியது. அவள் வாயைத் திறந்துவிட்டாள், கத்துவதற்கு. அதற்குள் கார் நின்றுவிட்டது.

“போலாம் சார். வண்டி எதுவும் வரல.”

அவர் அசையவில்லை.

“சார், ரோடு காலி. லெஃப்ட் எடுங்க.”

“உங்க சொல்லுக்கு நான் எடுக்க மாட்டேன் சார்.”

“என்ன சார்?”

டிக் டிக். பின்னால் ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. விற்பவர் திரும்பி வேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கிரேன்காரரின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கின் மேல், கால் பிரேக்கின் மேல். பார்வை நேரே, பெயிண்ட் கடைப் பலகையில் ஆணி அடித்தாற்போல நின்றது.

“சொல்லு” என்றார்.

அவள் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுன்றேன்ல.”

ஹாரன் நீளமாக ஒலித்தது. வேன்காரர் இறங்கி வந்து வலது ஜன்னலில் குனிந்தார். “என்ன பெரியவரே, வண்டி வாங்க வந்தீங்களா, நடு ரோட்டுல குடித்தனம் வைக்க வந்தீங்களா?”

“கொஞ்சம் இருங்க.”

“எதுக்கு இருக்கணும்? எதிர்ல ஒரு ஈ, காக்கா இல்ல. எடுங்க!”

“சார், தயவுசெஞ்சு எடுங்க. கம்பெனி வண்டி சார்” என்று விற்பவரும் கெஞ்சினார்.

“சொல்ற ஆளு சொன்னாத்தான் எடுப்பேன்.”

அவர் கிடங்கிலிருந்து வீட்டுக்கு வந்து சொல்லிய கதைகளிலெல்லாம் இந்த வார்த்தை இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. கிரேனின் உச்சியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே பாதி இடம் தெரியாது. தெரியாத இடத்துக்கு ஒரு ஆள் உண்டு, காதில் அந்த ஆளின் குரல் உண்டு. அந்த ஒருவர் சொன்னால் கொக்கி நகரும். மேலாளரே வந்து கத்தினாலும் நகராது. குரல் நின்றுபோனால் கொக்கியும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

தெரிந்தேதான் ஓட்டுகிறார்.

அவள் ஜன்னல் பிடியைப் பற்றிச் சுற்றினாள். கண்ணாடி அங்குலம் அங்குலமாக இறங்கியது. இப்போது பார்த்துத்தான் சொல்ல வேண்டும், பழக்கத்தில் சொல்லிவிடக் கூடாது. தலையை வெளியே நீட்டி முன்பக்கம் பார்த்தாள்.

முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் தரையோடு தரையாகக் குந்தியிருந்தாள். பை கிழிந்து தக்காளி உருண்டிருந்தது. முந்தானையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று டயருக்கும் நடைபாதைக்கும் நடுவே சிக்கியிருக்க, அதற்காகக் கையை சக்கரத்தின் அடியிலேயே நீட்டியிருந்தாள்.

“இடது. ஆள். முன் சக்கரத்துக்கிட்ட.” குரல் அவளுடையதாகவே இல்லை.

“நின்னுதான் இருக்கேன்.”

விற்பவர் ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போயிற்று. “ஏம்மா! எழுந்திரும்மா! எழுந்திரு!”

“இதோ, இந்த ஒண்ணுதான்” என்றாள் அந்தப் பெண், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். தக்காளியை எடுத்துத் துடைத்துக்கொண்டு எழுந்து நடைபாதையில் ஏறினாள். “நின்ன வண்டிதானே, அதுக்கு ஏன் இப்படிக் கத்தறீங்க?” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேன்காரர் சத்தமில்லாமல் தன் வண்டிக்குத் திரும்பினார்.

“காலி” என்றாள் அவள். “எடுங்க.”

கார் நகர்ந்து, திரும்பியது. அவள் சொல்லச் சொல்ல ஓரமாகப் போய்ப் பூட்டிய ஒரு ஷட்டர் முன் நின்றது. அவர் இன்ஜினை அணைத்தார். விற்பவர் டையைத் தளர்த்தி, “நான் வேணா கீழ இறங்கி நிக்கட்டுமா?” என்றார்.

“உக்காருங்க சார். உங்க உயிரையும் வச்சுத்தானே ஓட்டியிருக்காரு. கேக்கறதுக்கு உங்களுக்கும் பாத்தியதை இருக்கு.” பிறகு கணவரிடம், “எப்ப இருந்து?” என்றாள்.

“என்ன எப்ப இருந்து?”

“ஊசி கோர்த்துக் காட்டினீங்களே. அப்பவே தெரியுமா?”

“நேரா பாத்தா ஊசியும் தெரியும், ஊசிக் காதும் தெரியும்.” அவர் இன்னும் நேரேதான் பார்த்துக்கொண்டிருந்தார். “இடது பக்கம்தான். இருட்டாவும் இல்ல. திரை போட்டா, திரை இருக்கறதாவது தெரியும்ல? அங்க ஒண்ணுமே இல்ல.”

“டாக்டர்கிட்ட?”

“போனேன்.”

“யாரோட?”

“தனியாத்தான். போனது போனதுதானாம், மிச்சத்தக் காப்பாத்த சொட்டு மருந்து குடுத்தார்.”

“நான் ஒரு நாளும் பாக்கலியே அந்த மருந்த.”

“ஸ்பேனர் டப்பாவுல இருக்கு.”

“ஓட்டலாம்னு சொன்னாரா?”

அவர் ஸ்டீயரிங்கின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

“கேட்டேன். ஓட்டலாம்னு சொன்னாரா?”

“நான் அதக் கேக்கல.”

அவள் தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டாள். “நீயும் வா, நீயும் வான்னு கடைக்குக் கூட கூப்பிட்டீங்களே. காய் வாங்கப் போகணும்னாலும் தனியா போக மாட்டேன்னு நின்னீங்களே. நான் என்னமோ இந்த வயசுல மனுஷனுக்குத் திடீர்னு என் மேல...” சொல்லி முடிக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

விற்பவர் இருமிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அதுவும்தான்” என்றார் கிரேன்காரர்.

“பேசாதீங்க.”

“நீ ஒரு தடவ கூடத் தப்பா சொன்னதில்ல. கிடங்குல கூட எனக்கு அப்படி ஒரு ஆள் கிடைச்சதில்ல. உன் குரல் இருந்தா நான் எங்கயும் ஓட்டுவேன். இல்லன்னா நிறுத்துவேன். இன்னிக்கும் நிறுத்தினேனா இல்லையா?”

“நிறுத்தினீங்க. அந்த சைக்கிள்காரருக்கு?”

“எந்த சைக்கிள்?”

விற்பவர் மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

“வேலைக்கு வைக்கும்போது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா?” அவள் மெதுவாகத்தான் கேட்டாள். “நான் பாட்டுக்குத் தொணதொணத்துக்கிட்டு வரேன்னு நெனச்சேன். என் வாய நம்பி கார் ஓடுதுன்னு எனக்கே தெரியாது. நான் தும்மினா? ஒரு நிமிஷம் கண்ணசந்தா? பின்னாடி அந்த ரெண்டும் சண்ட போட்டு நான் திரும்பி அதட்டிக்கிட்டிருந்தா? அந்த நேரத்துக்கு யாரு சொல்லுவா இடது காலின்னு?”

“சொல்லியிருந்தா நீ ஏறியிருக்க மாட்ட.”

“ஆமா. ஏறியிருக்க மாட்டேன்.”

“அதான் சொல்லல.”

விற்பவர் சீட்டில் பாதி திரும்பினார். “சார், மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா? டாப் மாடல்ல ஒரு வசதி இருக்கு. பக்கத்துல வண்டி வந்தா கண்ணாடியில விளக்கு எரியும். பீப்னு சத்தமும் போடும். இடது, வலது ரெண்டு பக்கமும்.”

கிரேன்காரர் முதல் முறையாகத் திரும்பினார். தலையையும் தோளையும் சேர்த்து முழுசாக. அப்படித் திரும்பினால்தான் விற்பவர் அவருக்குத் தெரிவார் என்பது அவளுக்கு இப்போது புரிந்தது. “எப்பவும் சத்தம் போடுமா?”

“எப்பவும் சார்.”

“பாத்தியா?” கண்ணாடியில் அந்தக் கண்கள் ஒளி கொண்டன. “அது தூங்காது, தும்மாது. கொஞ்சம் கூடப் போட்டு அதையே எடுத்துடலாம். நீ நிம்மதியா வாய மூடிட்டு வரலாம்.”

சரி என்று சொல்லிவிட்டால் போதும். சாயங்காலம் அவர் புது வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். தம்பிக்கும் திங்கட்கிழமைக் கவலை தீரும்.

“சார்,” என்றாள் விற்பவரிடம், “தக்காளி பொறுக்கிக்கிட்டு ஒருத்தி குந்தியிருந்தாளே. அவளுக்கு அது சத்தம் போட்டிருக்குமா?”

விற்பவர் டையின் நுனியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போடும் என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும்.

“இல்ல மேடம்” என்றார். “அது ஓடற வண்டிக்குத்தான். ஆளுக்குப் போடும்னு நான் சொல்ல முடியாது. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு.”

அப்போது அவள் கைப்பேசி அடித்தது. தம்பி. அவள் ஒலிபெருக்கியை அழுத்தி, முன் சீட்டுகளுக்கு நடுவே நீட்டினாள். எதுவும் பேசவில்லை.

“அக்கா! வண்டி எப்படி? அந்த ரெண்டும் காலைல இருந்து உயிர எடுக்குது, என்ன கலர்னு கேட்டு. ஹலோ? அக்கா?”

கிரேன்காரர் நீட்டிய கைப்பேசியைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. அவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தார். அவள் உதட்டை அழுத்தி மூடிக்கொண்டாள். சைக்கிள் வந்தபோது கடித்ததைவிட இப்போது பல்லைக் கடிப்பது கஷ்டமாக இருந்தது.

“அக்கா, கேக்குதா?”

“மச்சான்தான்டா பேசறேன்” என்றார் கிரேன்காரர்.

“சொல்லுங்க மச்சான். வண்டி ஓகேயா?”

“வண்டி நல்லாருக்கு. கம்பி போகுது. டிக்கி தாழ்வா இருக்கு, உங்க அக்காவுக்குத் தோது.” அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். “ஓட்டற ஆளுதான் சரியில்ல.”

“என்ன மச்சான், காலைலயே தமாஷா?”

“தமாஷ் இல்லடா. எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியல. ரொம்ப நாளா. பிள்ளைங்கள நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

அந்தப் பக்கம் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ தட்டுகளை அடுக்கினார்கள்.

“அக்கா சொல்லச் சொன்னாளா?”

“உங்க அக்கா இன்னிக்கு வாயே திறக்கல. அதுதான் பிரச்சினையே.”

“ரொம்ப நாளான்னா? போன மாசம் ரெண்டையும் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனீங்களே மச்சான்.”

“கூட்டிட்டுப் போனேன்.”

“அப்பவும் தெரியுமா?”

“தெரியும்.”

மறுபடி இரைச்சல். தம்பி பேசியபோது குரல் கெட்டியாகியிருந்தது. “திங்கக்கெழம நான் என்ன பண்றது? லீவு கிடையாது எனக்கு.” பிறகு, “நான் அப்புறம் பேசறேன் மச்சான். இப்ப எதாவது தப்பா பேசிடுவேன்.”

“பேசு. பேசிடு.”

“வேணாம். அக்கா இருக்காளா?”

“இருக்கேன்டா” என்றாள் அவள். “திங்கக்கெழம பஸ்ல நான் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு பஸ் மாறணும், அவ்வளவுதானே. சீக்கிரம் எழுப்பி ரெடி பண்ணி வை.”

“நானும் வரேன்” என்றார் கிரேன்காரர்.

தம்பி வைத்துவிட்டான்.

திரும்பி வரும்போது விற்பவர் ஓட்டினார். கிரேன்காரர் பின் சீட்டில், அவளுக்கு வலப்புறம். அவள் வழக்கம்போல் அவருடைய இடப்பக்கத்தில். ஷோரூம் வாசலுக்கு முன்னால் அவள் முழங்கையில் ஒரு விரல் பட்டது.

“எந்தக் கலர் சட்ட போட்டிருந்தார்?”

“யாரு?”

“அந்த சைக்கிள்காரர்.”

“நீலம். முதுகு முழுக்க வேர்த்திருந்தது.”

அவர் தலையாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அந்தக் கையை எடுக்கவில்லை.

முற்றத்தில் இறங்கியதும் விற்பவர் தயங்கித் தயங்கி, “அப்ப வண்டி...?” என்றார். பாதி விற்பனை போயிற்று என்ற முகம்.

“லைசென்ஸ் எங்கிட்டயும் ஒண்ணு கிடக்கு” என்றாள் அவள். “இவருக்கு ராத்திரி வேலை இருந்த காலத்துல வாங்கினது. கத்துக் குடுத்தே என் உயிர எடுத்தார்னு விட்டுட்டேன். டிரைவிங் ஸ்கூல் போய் மறுபடி கையத் திருத்திக்கணும். அதுக்கு முன்னாடி கால் எட்டுதான்னு பாக்கணும். சாவியக் குடுங்க. இந்த முற்றத்துக்குள்ளதான், வெளிய போக மாட்டேன்.”

விற்பவர் முற்றத்தைப் பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. சாவியைக் கொடுத்தார். அவள் சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். இரண்டு தடவை இன்ஜின் அணைந்து குலுங்கியது. மூன்றாவது தடவை கார் எறும்பு போலப் பின்னால் நகர்ந்தது.

“லெஃப்ட்ல ஒடிங்க மேடம்!” என்றார் விற்பவர்.

“நேரா விடு, நேரா விடு!” என்றார் கிரேன்காரர்.

“கொஞ்சம் ரைட்டு!”

“கிளட்ச்ச விடாத!”

அவள் பிரேக்கை அழுத்தி நிறுத்தினாள். ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“யாராவது ஒருத்தர் சொல்லுங்க. இல்லன்னா எடுக்க மாட்டேன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விற்பவர் இரண்டடி பின்வாங்கி, கையால் ‘நீங்களே’ என்று காட்டினார். கிரேன்காரர் முற்றத்தின் நடுவே வந்து நின்றார். தலையையும் தோளையும் சேர்த்து மெல்ல இடப்பக்கம் திருப்பி, சுவர் வரைக்கும் பார்த்தார். பிறகு வலப்பக்கம். மறுபடி ஒரு தடவை இடப்பக்கம்.

அவள் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ஆள் யாரும் இல்ல” என்றார் அவர். “ஆனா நீயும் ஒரு தடவ பாத்துக்க.”

அவள் பார்த்தாள்.